ஒரு திரையில் எறும்பு எழுத்து, இன்னொன்றில் யானை எழுத்து

கேள்வி: என் 14 அங்குல லேப்டாப் திரை 2880×1800. உபுண்டு 22.04 லினக்ஸ் போட்டு, பழைய 24 அங்குல முழு எச்டி மானிட்டர் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். அளவை 200 சதவீதம் வைத்தால் மானிட்டரில் எழுத்து பூதாகரமாகிறது, 100 வைத்தால் லேப்டாப்பில் படிக்கவே முடியவில்லை. என்விடியா கிராபிக்ஸ் கார்டு. என்ன செய்ய?

பதில்: மானிட்டரை மாற்ற வேண்டாம், அது நல்ல மானிட்டர்தான். உங்கள் லேப்டாப்பில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 243 புள்ளிகள், மானிட்டரில் 92தான். இரண்டுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? திரைக்குத் திரை தனி அளவு வேண்டும், அதற்கு வேலன்ட் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய அமைப்பு) நல்லது. 22.04-இல் என்விடியா இருந்தால் தானாக எக்ஸ்11 என்ற பழைய அமைப்புக்குத்தான் போகும். அதனால் லாகின் திரையில் உங்கள் பெயரைத் தட்டியதும் கீழே வலது மூலையில் வரும் பல்சக்கர ஐகானை அழுத்தி, வேலன்ட் வகையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். அப்புறம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் லேப்டாப்புக்கு 200, மானிட்டருக்கு 100 என்று தனித்தனியாக வைத்துவிடலாம். 150 போன்ற இடைப்பட்ட அளவு வேண்டாம், பழைய நிரல்களில் எழுத்து மங்கலாகிவிடும்.

திரைகளை அடுக்கும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையை ஸ்டார்ட்அப்பில் போடச் சொல்லி நிறையப் பேர் எழுதுவார்கள். எக்ஸ்11-க்கு அது அருமையான கருவி, ஆனால் வேலன்டில் திரைகளை அடுக்க அது உதவாது, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அதே டிஸ்ப்ளே பகுதியில் இரண்டு திரைகளையும் குறிக்கும் கட்டங்களை மேசையில் இருக்கிற மாதிரியே இழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் ஓரத்தில் முட்டி நிற்கும்.

இந்த அமைப்பை உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் எந்த மானிட்டர் என்பதோடு எந்த போர்ட் என்பதையும் சேர்த்துத்தான் குறித்துக்கொள்கிறது, ஆகவே கேபிளை எப்போதும் ஒரே போர்ட்டில் செருகுங்கள். வேறு போர்ட்டில் செருகிவிட்டு "எல்லாம் அழிந்துபோச்சு" என்று பதறுகிறவர்கள் நிறைய.

கேள்வி: வொர்க்ஸ்பேஸ் (ஜன்னல்களைப் பிரித்து வைக்கும் தனித்தனி மேசைப்பரப்பு) மாற்றினால் ஒரு திரை மட்டும் மாறுகிறது, இன்னொன்று அப்படியே நிற்கிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை, க்னோமின் இயல்பே அதுதான். முதன்மைத் திரைக்கு மட்டும்தான் வொர்க்ஸ்பேஸ் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கும்: பக்கத்துத் திரையில் அரட்டையோ ஆவணமோ திறந்து வைத்தால் நகராமல் இருக்கும். பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் மல்டிடாஸ்கிங் பகுதிக்குப் போய், எல்லாத் திரைகளுக்கும் வொர்க்ஸ்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஜன்னலை அடுத்த திரைக்குத் தள்ள சூப்பர் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை), ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறி. கை பழகிவிட்டால் மவுஸ் பக்கமே போக மாட்டீர்கள்.