ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப்: விண்டோஸ் 11-ஆ, பழைய 7-ஆ, லினக்ஸா?

நீங்கள் கேட்டது இது: ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ரொம்ப மெதுவாகிவிட்டது. 11-க்கு மாறுவதா, அந்தக் காலத்தில் வேகமாக ஓடிய 7-ஐயே திரும்பப் போடுவதா, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போவதா?

7 வேண்டவே வேண்டாம். அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. குரோம்கூட 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைப் போடுவது ஆபத்து.

அடுத்து, மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விண்டோஸை மாற்றாதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணினி திணறும் நேரத்தில் அதில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். சிபியு சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நின்றால் நெரிசல் அங்கேதான். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். என் அனுபவத்தில், பழைய கணினிக்குச் செய்யும் எந்தச் செலவும் இதற்கு ஈடாகாது. எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் அந்த எஸ்எஸ்டி கூடவே வரும்.

இனி 11. இன்டெல் பிராசஸர் என்றால், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அது அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறது. டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப்) செக்யூர் பூட்டும் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி) வேண்டும். டிபிஎம் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) அணைந்து கிடக்கும், இன்டெல் கணினியில் பிடிடி என்ற பெயரில் தேடி இயக்கிக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்குத் தடை பிராசஸரே. குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் கட்டாயம் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால் நான் அதைச் செய்ய மாட்டேன். 10-லேயே இருக்கலாமா என்றால், அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். யோசிக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மீதி லினக்ஸ். அதில் பல வகைகள் உண்டு; விண்டோஸ் பழகியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு என்று கைக்குப் பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். ஆனால் முடிவெடுக்க வேண்டியது அதன் அழகைப் பார்த்து அல்ல, வீட்டில் யார் யார் அந்தக் கணினியில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்து. எங்கள் வீட்டில் அம்மாவின் லேப்டாப்பில் மின்ட்தான். பிரவுசரும் வீடியோ காலும் போதும் அவருக்கு. தம்பியின் வேலை முழுக்க எக்செல் மேக்ரோவில் (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு). லினக்ஸில் கிடைக்கும் இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸில் அவற்றில் பல ஓடவில்லை, அதனால் அவன் விண்டோஸிலேயே இருக்கிறான். ஃபோட்டோஷாப், வேலொரன்ட் போன்ற விளையாட்டு என்று யாராவது கேட்டாலும் பதில் விண்டோஸ்தான்.

நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பாருங்கள், டிஸ்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று சோதியுங்கள். உங்கள் சொந்த வேர்ட் ஃபைல் ஒன்றைத் திறந்து அட்டவணைகள் கலையாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். தட்டச்சுக்குக் கவலை இல்லை, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை முறை கிடைக்கிறது. அப்புறம், பென்டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். படங்களும் ஆவணங்களும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலாக இருக்க வேண்டும். அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள். பயாஸில் கைவைக்கும் முன், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட்டை மாற்றியதும் அது சாவி கேட்டு நின்றுவிடலாம், கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பாது.

ஆக, உங்கள் கணினிக்கு என் பதில்: எஸ்எஸ்டி போட்டு அதில் மின்ட். கழற்றிய ஹார்ட் டிஸ்கை உடனே அழிக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் அதையே மறுபடி மாட்டிக்கொள்ளலாம், விண்டோஸ் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும்.