மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முந்தைய 5 வாரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவுக்கு வயது 66. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு இன்னும் 5 வாரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். “தேய்ந்த மூட்டை எடுத்துப் போடத்தானே போகிறார்கள், இப்போது எதற்கு இதெல்லாம்?” என்று அம்மா தட்டிக்கழிக்கிறார். வலியும் இருக்கிறது. கட்டாயப்படுத்தலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மூட்டைத்தான் மாற்றுகிறார்கள், தசையை அல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதத்தில் தொடையின் முன்பக்கத் தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். வீக்கமும் வலியும் சேர்ந்து அந்தத் தசையை இயங்க விடாமல் அடக்கிவைப்பதுதான் முக்கியக் காரணம். வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் அந்தக் காலைச் சரியாக ஊன்றாதவர், கைவசம் இருக்கும் கொஞ்சத்தையும் இழப்பார். 6 மாதம் கழித்துப் பார்த்தால் முன்கூட்டிப் பயிற்சி செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். பலன் தெரிவது முதல் சில வாரங்களில், கட்டிலிலிருந்து எழும்போதும் பாத்ரூம் போகும்போதும். வீட்டில் எல்லோரும் திண்டாடும் வாரங்களும் அவைதான்.

எல்லா வீடியோவையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். முதல் வாரம் இந்த இரண்டு போதும்.

முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு 3 வேளை. முழங்கால் சில்லுக்கு நாலு விரற்கடை மேலே உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். சரியாகச் செய்தால் அங்கே தசை கட்டியாக எழும்பும், சில்லு தொடைப் பக்கமாக லேசாக நகரும். அப்படி நகராமல் இடுப்பு மட்டும் தூக்கினால் பிட்டத்தால் அழுத்துகிறார் என்று அர்த்தம்.

அடுத்தது, குதிகாலுக்கு அடியில் மட்டும் துண்டை வைத்து, முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல் 5 முதல் 10 நிமிடம் விடுவது. மடங்கியே இருந்து பழகிய மூட்டு நேராக இது உதவும். முன்பே விறைத்துப்போன கால் ஆபரேஷனுக்குப் பிறகும் முழுதாக நீளத் தகராறு செய்யும்.

இரண்டாவது வாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதல். கைப்பிடி உள்ள நாற்காலி, உயரம் சுமார் ஒன்றரை அடி, சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கும். எழ முடியவில்லையென்றால் போர்வையை மடித்துப் போட்டு உயர்த்துங்கள். 5 தடவையில் ஆரம்பித்து 10 வரை கூட்டலாம். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும்.

வலிக்கு ஓர் அளவுகோல்: செய்யும்போது வலித்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் பரவாயில்லை. இரவில் மூட்டு வீங்கினாலோ மறுநாள் காலை வலி கூடினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கெண்டைக்கால் திடீர் வீக்கம் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: வீடியோ காலில் பிசியோதெரபிஸ்ட் வகுப்பு எடுக்கிறார். அப்பாவுக்குப் பாதி புரிவதில்லை. நேரில் போவதுதான் நல்லதா?
– வாசகர், தேனி

பதில்: தூரத்தில் இருக்கிறீர்கள், போனிலேயே கற்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிசியோதெரபிஸ்ட்களான எங்களுக்கு வேண்டியது கால். போனைக் கட்டில் உயரத்தில், பக்கவாட்டில், 6 முதல் 8 அடி தள்ளி வையுங்கள். இடுப்பிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் கூடத் தங்கப்போகிறவரும் வகுப்பில் இருக்கட்டும். தமிழில் சொல்லுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார். “செய்து காட்டுங்கப்பா” என்று கேளுங்கள்.

வாக்கரை இப்போதே வாங்கிப் பழகுங்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். முதலில் வாக்கர், அதன் நான்கு காலும் தரையில் பதிந்த பிறகு ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். ரொம்ப முன்னால் தள்ளினால் உடம்பு குனிந்து தடுமாறும். படிக்கு வாக்கர் வேண்டாம், கைப்பிடிச் சுவரைப் பிடிக்கட்டும்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

கேள்வி: முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் மாமியாருக்குச் சுகமாக இருக்கிறது. வைக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். பயிற்சிக்குக் கொஞ்ச நேரம் துண்டு வைப்பது வேறு, இது வேறு. சுகமாக இருப்பதே மூட்டு மடங்கியிருப்பதால்தான். இரவெல்லாம் அப்படியே கிடந்தால் மடங்கியபடியே இறுகிப்போகும். ஆபரேஷனுக்குப் பிறகும் இதே விதிதான். காலை உயர்த்தச் சொன்னால் தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் இருக்கட்டும்.

கேள்வி: தேதி குறித்த பிறகும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்களாமே, ஏன்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கிருமி பயம் ஒரு முக்கியக் காரணம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது, காலில் புண், பித்த வெடிப்பில் சீழ், சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல் எதையும் மறைக்காதீர்கள். அதே மூட்டில் கடந்த 3 மாதத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். புகைப்பவர் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எந்த நாளில் நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலில் சவரம் செய்துகொண்டும் வர வேண்டாம். பிளேடு கீறலில் கிருமி குடியேறும்.