மழலைப் பக்கம்: டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு நாலு வயது. எல்.கே.ஜி. போகிறாள். அவள் பள்ளியில் கட்டை அடுக்குகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், மண்ணில் விளையாடுகிறார்கள். நோட்டில் ஒரு வரி கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வேறு பள்ளியில் நூறு வரை எழுதுகிறான். “பீஸ் கட்டி விளையாடவா அனுப்புதோம்?” என்று என் மாமியார் தினமும் கேட்கிறார்கள். பள்ளியை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள், அம்மா. முதலில் உங்கள் வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இறக்கித் துடைத்து, புளியங்கொட்டையோடு மாமியாரையும் மகளையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து பிள்ளையின் கையை மட்டும் கவனியுங்கள்.

முதல் சில நாள் ஒரு குழியில் இரண்டு முத்து விழும், அடுத்த குழி விட்டுப்போகும். வாய் “ஆறு, ஏழு” என்று ஓடும், கை நாலில் நிற்கும். திருத்த வேண்டாம், ஆட விடுங்கள். ஆடிக்கொண்டே இருந்தால் குழிக்கு ஒரு முத்து என்று கை பழகிவிடும். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்கிற கணக்கின் அஸ்திவாரமே இதுதான். நூறு வரை மனப்பாடமாக எழுதுகிற பிள்ளைக்கும் இது தனியாக வந்தாக வேண்டும். குழியில் நாலு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுப்போம் இல்லையா? ஒரு நாள் உங்கள் மகள் எண்ணிப் பார்க்காமலே “ஆச்சி, பசு!” என்று அள்ளுவாள். நாலு என்பது அப்போது அவள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. அதை உங்கள் மாமியாரே நேரில் பார்க்கட்டும். நாம் எத்தனை விளக்கம் சொன்னாலும் இதற்கு ஈடாகாது.

எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. முத்தைப் பொறுக்க அவள் பயன்படுத்துகிற பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. நாலு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அந்தக் கையைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடிவதில்லை. சப்பாத்தி மாவைப் பிசையட்டும், வாசலில் சாக்பீஸால் பெரிது பெரிதாக வட்டம் போடட்டும். கை தேறினால் எழுத்து தானாக வரும்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளுக்கே பாட்டு, ஆட்டம், செயல்பாடு வழியாகத்தான் பாடம் நடக்கிறது. எல்.கே.ஜி. பிள்ளைக்கு மட்டும் நோட்டு எதற்கு?

ஆனால் ஒன்று. நீங்கள் ஒரு முறை பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, “இந்தக் கட்டை ஏன் சரிஞ்சுது?” என்று கேட்டுப் பேசுகிறாரா? நேற்று வைத்த சாமானையே இன்றும் வைக்காமல் மாற்றி வைக்கிறாரா? அப்படியென்றால் நல்ல பள்ளி, விடாதீர்கள். டி.வி.யைப் போட்டுவிட்டு ஆயாம்மா மட்டும் காவலுக்கு இருந்தால் அது விளையாட்டு வழிக் கல்வியே இல்லை. அப்போது தாராளமாக மாற்றுங்கள்.

மறந்துவிடப் போகிறேன்: முத்துக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம், அது கடும் விஷம். புளியங்கொட்டையையும் சின்னப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள். எண்ணுகிற வேலையை மகளிடமே கொடுக்கலாம்.

கேள்வி: பேரனுக்கு மூன்றரை வயது. போனில் படம் தொட்டு எழுத்து படிக்கிற ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதுவும் விளையாட்டுத்தானே?
– ஒரு தாத்தா, பாளையங்கோட்டை

பதில்: இல்லை ஐயா. இந்த வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஓடியாடுவது மூன்று மணி நேரமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஆப்பில் விரல் ஒன்றுதான் அசையும்.

ஆனித் தேருக்கு நெல்லையப்பர் கோயில் பக்கம் பேரனைக் கூட்டிப் போவீர்கள்தானே? வந்ததும் ஒரு அட்டைப்பெட்டியும் சணல் கயிறும் கொடுங்கள். தெருப் பிள்ளைகள் சேர்ந்துவிடும். யார் வடம் பிடிப்பது, யார் சாமி, யார் பலூன் கடை என்று சண்டை வரும், அவர்களே பேசித் தீர்ப்பார்கள். தேர் திரும்பாமல் மூலையில் மாட்டினால் கட்டை கொடுக்க ஒருவன் ஓடுவான். நீங்களும் ஒரு ரூபாய்க்குப் பலூன் கேளுங்கள், பாக்கிச் சில்லறையும் கேளுங்கள். கயிறு மட்டும் கழுத்தில் சுற்றாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும்.