வாசகர் கேள்வி – பதில்: கிணற்றுக்குள் இறங்கும் உரம்

கேள்வி: வயலுக்கு இடும் யூரியா நிலத்தடி நீரையும் கடலையும் கெடுக்கிறது என்கிறார்கள். உரத்தைக் குறைத்தால் இரண்டும் சரியாகிவிடுமா?

பதில்: கடலில் பலன் ஒப்பீட்டளவில் விரைவாகத் தெரியலாம். நிலத்தடி நீர் தெளியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். யூரியா மண்ணில் சில நாள்களிலேயே நைட்ரேட்டாக மாறத் தொடங்குகிறது. களிமண் துகள்களைப் போலவே நைட்ரேட்டும் எதிர்மின் தன்மை கொண்டது என்பதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. வேர்கள் உறிஞ்சியது போக எஞ்சியது மழையோடும் பாசன நீரோடும் கீழே இறங்கிவிடுகிறது. உலக அளவில், நிலத்தில் இடப்படும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஏறத்தாழப் பாதிதான் விளைச்சலில் சேர்கிறது. ஆறுகள் வழியே கடலுக்குப் போகும் பங்கு பாசியைப் பெருக்குகிறது. அந்தப் பாசி மடிந்து அழுகும்போது அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோக, விலகிச் செல்ல முடியாத நண்டும் சிப்பியும் மூச்சுத்திணறி இறக்கின்றன. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் இது கோடைதோறும் நடக்கிறது.

சோவியத் ஒன்றியம் சிதறியபின் உரப் பயன்பாடு சரிந்ததும், கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் ஆக்சிஜனற்ற பரப்பு 1990களிலேயே பெருமளவு சுருங்கியது. அங்கே உரக் குறைப்பு பொருளாதார நெருக்கடியால் நேர்ந்தது. டென்மார்க்கோ 1987இல் திட்டம் வகுத்து, பிந்தைய ஆண்டுகளில் கடலுக்குச் செல்லும் நைட்ரஜனை ஏறத்தாழப் பாதியாக்கியது. உர அளவுக்கு வரம்பு, சாணக் கரைசலைச் சேமித்து உரிய பருவத்தில் மட்டும் இடுதல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை சேர்ந்தே இதைச் சாதித்தன.

பயிருக்கு வேண்டியதை மண் பரிசோதனையால் அறிந்து, பல தவணைகளாகப் பிரித்து இடுவதே முதல் வேலை. கனமழை வரும் என்று தெரிந்தும் முந்தின நாள் மேலுரம் தூவினால் அதில் பெரும்பகுதி பயிருக்குக் கிடைக்காது. அறுவடைக்குப் பின் வயலை வெறுமையாக விடாமல், எஞ்சிய நைட்ரேட்டை உறிஞ்சும் பயிர் ஒன்றை உடனே விதைப்பது மிக எளிய, ஆனால் மிகவும் புறக்கணிக்கப்படும் வழி என்பேன். வாய்க்கால் முடியும் இடத்தில் ஈரநிலம் இருந்தால், அதன் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியைத் தீங்கற்ற வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அத்தகைய நிலங்களைத் தூர்த்துவிட்டுச் சுத்திகரிப்புக்குச் செலவிடுவது பெரும் இழப்பு.

கேள்வி: நைட்ரேட் கலந்த நீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. காய்ச்சும்போது நீர் ஆவியாகி நைட்ரேட் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாயலாம். எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டிய நீரையோ வேறு பாதுகாப்பான நீரையோ பயன்படுத்துங்கள். கிணற்று நீரை ஆண்டுதோறும் பரிசோதியுங்கள்.