2 அங்குலம் உயர்த்திய மாருதி ஜிம்னிக்கு எவ்வளவு நீளமான ஷாக் அப்சார்பர் போட வேண்டும்?

ஸ்பிரிங் மாற்றி 50 மி.மீ. உயர்த்தியாகிவிட்டது, ஷாக்கும் 50 மி.மீ. கூடுதல் நீளத்தில் வாங்கினால் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கணக்குப் போட்டு வாங்காதீர்கள். நீளமான ஷாக் என்றதும் எல்லோரும் அது விரியும் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். முழுதாகச் சுருங்கினால் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். ஸ்ட்ரோக் (பிஸ்டன் கம்பி உள்ளேயும் வெளியேயும் ஓடும் தூரம்) கூடினால் அந்தக் கம்பி உள்ளே போக உருளையும் நீள வேண்டும். அதனால் சுருங்கிய நீளமும் கூடிவிடும். பம்ப் ஸ்டாப் ரப்பர் ஆக்சிலைத் தடுப்பதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டிவிட்டால், வண்டி பள்ளத்தில் விழும் அடி முழுவதும் பிஸ்டன் கம்பியிலும் சேசிஸ் பிராக்கெட்டிலும் இறங்கும். கம்பி வளையும், ஆயில் சீல் போகும், சில நேரம் பிராக்கெட்டே வெல்டிங்கோடு பிய்ந்துவிடும்.

பழைய ஷாக்கையே விட்டுவைப்பதும் தீர்வல்ல. வண்டி உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு வேகத்தடையைத் தாண்டும்போதும் ஷாக் முழுதாக விரிந்து 'டக்' என்று அடிக்கும்.

ஜிம்னியில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு). காயில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஆகவே தேவையான அளவை வண்டியிலேயே எடுத்துவிடலாம். (2020க்குப் பிந்தைய மஹிந்திரா தாரின் முன்பக்கத்துக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே ஸ்பிரிங்குக்குள்ளேயே ஷாக் இருக்கிறது.)

சமதரையில் வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது, ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முனை கண் (வளையம்) இல்லாமல் 'பின்' (நேரான திருகு கம்பி) ஆக இருந்தால், பின்னின் நுனியிலிருந்து அளக்காமல் ரப்பர் உட்காரும் தோளிலிருந்து அளக்க வேண்டும். பிறகு சேசிஸை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கில் தாங்கி, ஷாக்கைக் கழற்றி, மெதுவாக இறக்கி ஸ்பிரிங்கை எடுங்கள். ஆக்சில் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலை பம்ப் ஸ்டாப்பில் தொடும்வரை ஏற்றி ஓர் அளவு, ஏதாவது ஒன்று இழுபடத் தொடங்கும்வரை இறக்கி ஓர் அளவு. பெரும்பாலும் முதலில் இழுபடுவது பிரேக் ஹோஸ் அல்லது ஏபிஎஸ் ஒயர். பேன்ஹார்ட் ராடின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷையும் பிராப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஜாயின்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். ஒரு பக்கத்தை முழுதாக ஏற்றி, மறுபக்கத்தை முழுதாக இறக்கி மீண்டும் அளக்க வேண்டும். ஷாக் பம்ப் ஸ்டாப்புக்கு வெளிப்பக்கம் இருந்தால், ஆக்சில் அந்த ரப்பரின் மேல் சாயும்போது ஷாக் இன்னும் கொஞ்சம் அழுந்தும். நேராக ஏற்றி எடுத்த அளவில் இது தெரியாது. ரப்பரும் பலமான அடியில் பாதி உயரம்வரை நசுங்கும்; அதையும் கழியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு, இவை கணக்கு விளங்க வைத்த எண்கள், உங்கள் வண்டியின் அளவுகள் அல்ல. நிற்கும் நிலையில் 420, ரப்பரைத் தொடும்போது 345, ரப்பர் 30 நசுங்கினால் 315, முழுதாக இறங்கினால் 540 மி.மீ. பாதுகாப்புக்கு 12 மி.மீ.யாவது விட வேண்டும். ஆக, சுருங்கிய நீளம் 303க்கு மேல் போகக் கூடாது. 300-480 அளவுள்ள (சுருங்கினால் 300, விரிந்தால் 480) ஷாக் அப்படியே பொருந்தும். நிற்கும் நிலையிலிருந்து ஆக்சில் மேலே 105, கீழே 60 மி.மீ. ஓட இடம் கிடைக்கும். 335-550 அளவுள்ளதைப் போட ஆசைப்பட்டால் பம்ப் ஸ்டாப்பை 32 மி.மீ. கீழே இறக்க வேண்டும், மேல்நோக்கிய ஓட்டம் 73 ஆகக் குறையும். கீழே 550 வரை விரிவதால் ஷாக்குக்கு முன்பே ஹோஸ் இழுபடும். நீளமான ஹோஸோ லிமிட் ஸ்ட்ராப்போ (ஆக்சில் அதிகம் இறங்காமல் பிடிக்கும் பட்டை) இல்லாமல் போடக் கூடாது. பாறையில் ஊர்ந்து ஏறுவதற்கு அந்த நீளமான ஷாக் நல்லது. தினசரி சாலையும் மாதம் ஒரு முறை காடும் என்றால் முதலில் சொன்னதுபோல் பம்ப் ஸ்டாப்பை இறக்காமல் அப்படியே பொருந்தும் ஷாக்கையே வாங்குங்கள்.

ஆக்சில் முழுதாக இறங்கும்போது ஸ்பிரிங்கின் மேல், கீழ் இருக்கைகளுக்கு இடையே உள்ள தூரம், அழுத்தம் இல்லாத ஸ்பிரிங்கின் நீளத்தைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகர்ந்துவிடும்.

நீளத்துக்கு அடுத்தது டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை ஷாக் அடக்கும் திறன். புது ஸ்பிரிங் கடினமானது என்றால் அது திரும்பி எழும் வேகத்தை அடக்க ரீபவுண்ட் (ஷாக் விரியும்போது காட்டும் எதிர்ப்பு) கூடுதலாக வேண்டும். ஸ்பிரிங் விற்பவரிடமே அதற்கு வால்வு அமைத்த ஷாக்கைக் கேளுங்கள். மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். ஆனால் உள்ளே கேஸ் அறைக்கும் இடம் வேண்டியிருப்பதால் அதே ஸ்ட்ரோக்குக்குச் சுருங்கிய நீளம் அதிகம். இடம் குறைவான ஜிம்னிக்கு ட்வின் டியூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைக் குழாய்) ஷாக் தாராளமாகப் போதும்.

பொருத்தும்போது, ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும். முடிந்ததும் பிஸ்டன் கம்பியில் ஒரு கேபிள் டையை லேசாகக் கட்டி, நீங்கள் வழக்கமாகப் போகும் கரடுமுரடான பாதையில் ஓட்டிப் பாருங்கள். கம்பியின் மேல்கோடிக்கு 10 மி.மீ.க்குள் டை தள்ளப்பட்டிருந்தால் பம்ப் ஸ்டாப்பை இன்னும் இறக்குங்கள்.