பெயர் மனைவிக்கு, பொறுப்பு யாருக்கு?

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறேன். இப்போது வடக்கு எல்லையில் ஃபீல்டு போஸ்டிங். ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. மனைவி பெயரில் லோன் வாங்கி மரச்செக்கு வைக்கப் போகிறேன். ஊர்ப் பையன்களுக்கு இலவச ராணுவப் பயிற்சி கொடுக்க ஓர் அறக்கட்டளையும் தொடங்க ஆசை. எல்லாவற்றையும் ஒருசேர எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வேண்டாம், ஆரணி

பதில்: சமாளிக்கப் போவது நீங்கள் இல்லை, உங்கள் மனைவி. அவருக்கு இதில் விருப்பம் உண்டா என்று உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லையே! பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து மாத்திரை எல்லாம் ஏற்கெனவே அவர் தலையில். அதன் மேல் செக்கையும் மாதத் தவணையையும் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

முதலில் சட்டம். பணியில் இருக்கும் படைவீரர் அனுமதி இல்லாமல் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. மனைவி தாராளமாகச் செய்யலாம். ஆனால் செக்குக்கு நிலக்கடலைப் பருப்பு வாங்க விலை பேசுவதும், பாக்கி வசூலிக்க போன் போடுவதும், ஜிபேயில் காசு வந்து விழுவதும் உங்களிடம் என்றால் அது உங்கள் தொழில்தான். யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் யூனிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கடைக்கென்று மனைவி பெயரில் தனி வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கின் க்யூஆர் அட்டை, அவர் பெயரில் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று எல்லாம் அவருடையதாக இருக்கட்டும். உங்கள் சம்பளக் கணக்குக்குக் கடைக் காசு ஒரு ரூபாய்கூட வர வேண்டாம். சீருடையில் இருக்கும் உங்கள் படத்தைக் கடை போர்டில் போடவே கூடாது.

வருமான வரியில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. உங்கள் ஏஎஃப்பிபி ஃபண்டிலிருந்து (படைவீரர் வருங்கால வைப்பு நிதி) எடுத்த பணத்தை மனைவிக்குச் சும்மா கொடுத்து, அவர் அதைத் தொழிலில் போட்டால், அந்த முதலுக்கு உரிய விகித லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். ஏப்ரல் 1 அன்று தொழிலில் இருக்கும் மொத்த முதலில் நீங்கள் கொடுத்தது எவ்வளவு என்று பார்த்துத்தான் இந்த விகிதம் போடுவார்கள். அவரே வங்கியில் கடன் வாங்கிப் போட்ட முதலுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி லீவுக் கணக்கு. வருட லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். ஏட்டில் பார்த்தால் மூன்று மாதம். இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. எடுக்காத கேஷுவல் லீவு வருடக் கடைசியில் காலாவதி. எல்லையில் நிலைமை மாறினால் பாதி லீவில் திரும்பக் கூப்பிடுவார்கள். நிலக்கடலை அறுவடையில் விலை இறங்கும் சமயம் பார்த்துப் பருப்பு பிடிப்பதுதான் செக்குத் தொழிலின் உயிர்நாடி. அந்த இரண்டு மூன்று வாரம் நீங்கள் ஊரில் இருப்பீர்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் உங்களுக்கு ஒரு பீஸ் போஸ்டிங், அதாவது எல்லையை விட்டு அமைதியான இடத்தில் பணி, வரலாம். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்க முடிகிற காலம் அதுதான். லட்சக்கணக்கில் கடன் வாங்கி மெஷினை இறக்கிவிட்டால் மனைவியால் கடையைப் பூட்டிவிட்டு வர முடியுமா? கடை பூட்டியிருந்தாலும் தவணை மாதாமாதம் நிற்கும். பிள்ளைகள் அப்பாவோடு இருக்கக்கூடிய அந்த இரண்டு மூன்று வருடத்தைச் செக்குக்கு விலையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆகவே மெஷின் இப்போது வேண்டாம். மனைவிக்கு விருப்பம் இருந்தால், கூலிக்கு ஆட்டித் தரும் செக்கில் தொடங்கட்டும். 100 கிலோ நிலக்கடலைப் பருப்புக்குச் சுமார் 40 லிட்டர் எண்ணெய் வரும். புண்ணாக்கு 55 கிலோவுக்கு மேல் நிற்கும். புண்ணாக்கை மாட்டுக்காரர்களுக்கு விற்ற காசையும் சேர்த்தால்தான் கணக்கு கட்டும். புண்ணாக்கைச் செக்குக்காரர் ஆட்டுக்கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பருப்பை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோக வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் குறையும், மூட்டையிலேயே பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை கண்ட பருப்பைப் பொறுக்கி எறியாமல் ஆட்டினால் எண்ணெய் கசக்கும், நச்சும் இறங்கும். வாங்கினவர் மறுமுறை வர மாட்டார். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவைத்து, அடி மண்டியை விட்டு மேலாக இறுத்துத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

மாதம் 40 லிட்டர் ஆறு மாதம் விற்றுப் பார்த்தால் வாடிக்கையாளர் யார், கடன் சொல்கிறவர் யார் என்று அவருக்கே தெரிந்துவிடும். பீஸ் போஸ்டிங் வந்தால் சரக்கை விற்று முடித்துவிட்டுக் கிளம்பலாம்.

மெஷினுக்குத் தயாராகும் நேரம் உங்கள் சர்வீஸின் கடைசி இரண்டு வருடம். அப்போது டிஜிஆர் (பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம்) நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஜேசிஓ எனும் இளநிலை அதிகாரிகளுக்கும் உங்களைப் போன்ற ஜவான்களுக்கும் கட்டணம் முழுவதையும் அரசே கட்டுகிறது. வெளியே வந்த பிறகு முன்னாள் படைவீரர் என்ற தகுதியில் பிஎம்இஜிபி (மத்திய அரசின் சுயதொழில் திட்டம்) கடனுக்குச் சொந்த முதல் 5 சதவீதம் போதும், கிராமத்தில் மானியம் 35 சதவீதம். முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க உதவும் தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கம்யூட்டேஷன் (பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) பணம் மொத்தத்தையும் மெஷினில் கொட்டுவது மட்டும் வேண்டாம். ஷெட்டுக்கு மும்முனை மின் இணைப்பைத் தனியாக வாங்குங்கள். வீட்டு இணைப்பில் செக்கு ஓட்டினால் அபராதம் வரும். இடம் உங்கள் பெயரில் இருந்தால் மின் இணைப்புக்கான சம்மதக் கடிதத்தை லீவிலேயே கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போங்கள்.

பயிற்சி மையம் நல்ல எண்ணம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அறக்கட்டளையில் நீங்கள் பொறுப்பில் இருக்கக் கூடாது. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 19-வது விதி, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் படைக்கு வெளியே உள்ள அமைப்புகளில் பங்கெடுப்பதைத் தடுக்கிறது. அரசியல் கூட்டத்துக்கு 20-வது விதி தடை. மையத் திறப்பு விழாவுக்கு உள்ளூர்க் கட்சிக்காரர் கொடியோடு வந்து நின்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். ஓய்வுபெற்ற ஒருவர் தலைமையில் நடக்கட்டும். நீங்கள் கமாண்டிங் ஆபீசர் வழியாக அனுமதி வாங்கி, லீவில் வரும்போது மைதானத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. ராணுவ ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால்தான் முழு 60 மதிப்பெண். பையன்கள் முதல் 400 மீட்டரை 70 விநாடியில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் விழுந்துவிடுகிறார்கள். சுற்றுக்கு 82 விநாடி என்று நான்கு சுற்றையும் ஒரே சீராக ஓடினால் 5:28. தினமும் தார் ரோட்டில் ஓடவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி பிடிக்கும், மண் தரைதான் நல்லது. 2023 முதல் கணினித் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. ஆகவே மாலையில் கணக்கும் பொது அறிவும் எடுக்க ஓர் ஆசிரியரையும் பிடியுங்கள். ஓட்டம் மட்டும் பழக்கிய பையன் மைதானத்துக்கே வர முடியாமல் போவான்.

இந்த லீவில் மனைவியிடம் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் செக்குப் பேச்சை ஐந்து வருடத்துக்கு எடுக்காதீர்கள்.