மணல் திட்டில் பிறந்த 18 குழிகள்

கேள்வி: கிண்டியில் முன்பு குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே கோல்ஃப் மைதானமும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கோல்ஃபுக்கு 18 குழிகள் என்ற கணக்கு எப்படி வந்தது? எங்கள் ஊர் மணல் மேடுகளில் அப்படியொரு மைதானம் அமையுமா?
— வாசகர் ஒருவர், மண்டபம்

பதில்: உங்கள் ஊர் மணல் மேட்டைப் போன்ற ஓரிடத்தில்தான் அந்தக் கணக்கே பிறந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே உழவுக்கு உதவாமல் கிடந்த மணற்பாங்கான புல்வெளியை 'லிங்க்ஸ்' என்பார்கள். மேட்டுநிலத்தைக் குறித்த பழஞ்சொல் அது. நிலம் ஒடுக்கமானதால், ஆடுவோர் கடைசிவரை சென்று, போன வழியிலேயே அதே குழிகளில் ஆடித் திரும்பினர். இப்படி ஒரு சுற்றுக்கு 22 குழிகள் இருந்தன (பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழிவரையிலான பகுதி முழுவதையுமே 'குழி' என்பார்கள்). 1764இல், நீளம் மிகக் குறைந்தவை என்று கருதப்பட்ட தொடக்கத்து 4 குழிகளை இரண்டாக்கினார்கள். போகும்போது இரண்டும் வரும்போது இரண்டும் குறைந்து 18 ஆயிற்று. இன்றும் அங்கே 7 பசும்பரப்புகள் (பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள சமமான புல்தரைகள்) இரண்டிரண்டு குழிகளுக்குப் பொதுவானவை. அவ்வாறு சேரும் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்!

பந்தைச் சிக்கவைக்கும் மணற்பள்ளங்கள், காற்றுக்கு ஒதுங்கிய செம்மறிகள் படுத்துப் பறித்தவை என்று சொல்வதுண்டு. அதற்குச் சான்று இல்லை. ஆயினும் உடைமரத்தடி மணலைக் காலால் கீறிவிட்டுப் படுக்கும் ஆடுகளைக் கண்ட உங்களுக்கு அதை நம்புவது கடினமாக இராது.

இந்தியாவுக்கு இவ்விளையாட்டு முன்னதாகவே வந்துவிட்டது. கல்கத்தாவில் 1829இல் தொடங்கிய சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானது. நீங்கள் கண்ட கிண்டி மைதானம் 1884இல் தோன்றிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பைச் சேர்ந்ததாக இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ்போல் நீண்டுபோக அங்கே வழியிருக்கவில்லை. குதிரைகள் ஓடிய வளையத்தின் உட்பரப்பில், முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பித்தான் குழிகளை அமைக்க முடிந்தது.

இனி உங்கள் ஊர். நீர் தேங்காத மணல் இவ்விளையாட்டுக்கு மிக ஏற்றது, தடையாவது மழைதான். ஸ்காட்லாந்தில் ஆண்டு முழுவதும் பரவலாகத் தூறி மணற்புல்லைக் காக்கிறது. இராமநாதபுரம் கடற்கரையோ வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது. குடிப்பதற்கே காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்க்கும் ஊர்களில் புல்லுக்கு நீர் இறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. புல்லே இல்லாமலும் ஆடலாம்: இந்தியாவின் வறண்ட பகுதிகள் சிலவற்றில், குழியைச் சுற்றிப் பசும்பரப்புக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலைச் சமன்செய்து, அதைப் 'பிரவுன்' என்று அழைத்து ஆடியிருக்கிறார்கள். நாலேகால் அங்குலக் குழி மட்டும் எங்கும் மாறுவதில்லை.